வெர்னாவுக்குக் கேட்காமல் போன வசனம்

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எங்கள் பொமோனா நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓட்டுவது என் பொறுப்பு. ஒரு வாரம் நகைச்சுவை, மறுவாரம் மர்மம். நாற்பது பேர் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் எழுபதைத் தொட்டவர்கள். படம் வெளிவந்தபோதே பார்த்தவர்கள் என்பதால் கொலைகாரன் யார் என்று தெரிந்துகொண்டேதான் வந்து உட்கார்வார்கள். தெரிந்தும் கடைசிவரை அசைய மாட்டார்கள். கல்லூரியிலிருந்து ஒருவரை அழைத்துவந்து பேசச் சொன்னோம். அவர் நிழல், வெளிச்சம் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். அன்றைக்கு மட்டும்தான் கூட்டத்தில் குறட்டை கேட்டது.

படம் முடிந்ததும் ஆளுக்கொரு அட்டையும் குட்டைப் பென்சிலும் கொடுப்போம். இது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் ஹாலிவுட்காரர்கள் புதுப் படத்தை வெளியிடுவதற்கு முன்னால் பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு முப்பது மைல் தள்ளி எங்களிடம்தான் ஓடி வருவார்கள். தியேட்டர் வாசலில் 'இன்று முன்காட்சி' என்று மட்டும் பலகை தொங்கும். என்ன படம் என்று சொல்ல மாட்டார்கள். எங்கே சிரித்தீர்கள், எங்கே சலித்தது, எது புரியவில்லை என்று அட்டையில் கேட்டிருக்கும். பால்காரரும் எலுமிச்சம்பழத்துக்குத் தாள் சுற்றுகிற பெண்களும் கிறுக்கித் தந்ததைப் படித்துவிட்டு, பெரிய பெரிய முதலாளிகள் படத்தை வெட்டி ஒட்டுவார்கள். அந்தத் திமிர் இன்னும் எங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. செத்துப்போன இயக்குநரின் படத்துக்கும் நாங்கள் திருத்தம் சொல்லுவோம்.

அட்டையில் பெயர் எழுதக்கூடாது என்பது விதி. காப்பி குடிக்கும்போது நான் ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பேன். வெர்னா ஹஸ்கின்ஸின் அட்டை எது என்று முதல் வரியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். "வக்கீல் சாட்சியிடம் கேட்ட மூன்றாவது கேள்வி காதில் விழவில்லை. யாரோ இருமினார்கள்." "கதவு சாத்துகிற சத்தத்தில் கொலைகாரனின் பெயர் அமுங்கிவிட்டது." படம் நன்றாக இருந்ததா என்று அவள் எழுதி நான் பார்த்ததில்லை. என்ன கேட்டது, எது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அது அவள் தொழில் தந்த புத்தி. பதினெட்டு வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாள், ஐம்பத்தைந்தில்தான் வெளியே வந்தாள். யாரோ யாரிடமோ பேசுவதற்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு எண்ணைக்கூடத் தவறாகக் கேட்காமல் முப்பத்தேழு வருஷம் இணைப்புக் கொடுத்தவள். ஒரு சொல் நழுவினால் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். மர்மப் படம் அவளுக்குப் பிடித்ததற்கும் அதுவே காரணம். அதில் யாரோ ஒருவர் போகிறபோக்கில் ஒரு வாக்கியம் சொல்லுவார், காது கொடுத்தவர்களுக்கு மட்டும் முடிச்சு அவிழும்.

1940 ஆகஸ்டில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவள் ஒரு முன்காட்சிக்குப் போனாள். பாதி சிரிப்பும் பாதி மர்மமுமான படம். பெரிய வீட்டில் விருந்து நடக்கிறது, ஒரு பணக்கார அத்தை தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள், மாடியில் விஷம் வைத்துக் கொல்லப்பட்ட ஒரு பிணம். அத்தை கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவள். சூப் கொண்டுவரும் பரிசாரகன் அந்தக் கைக்குத் தப்பித் தப்பிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறான். கடைசியில் சூப் முழுவதும் அத்தையின் தொளதொள சட்டைக் கைக்குள் போய்விடுகிறது. அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரு கரண்டியை எடுத்து, சட்டைக் கைக்குள்ளிருந்து சூப்பை அள்ளியள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்து விருந்தாளிக்கு வைத்துவிட்டுப் போகிறான். அத்தை பேச்சை நிறுத்தவே இல்லை.

நிறுத்தாததுதான் வினை. அந்த நேரத்தில் அவள் சொல்லுகிறாள்: கூடத்துக் கடிகாரம் என் கணவர் இறந்த நாளிலிருந்து அடிப்பதே இல்லை என்று. ஒன்பது மணி அடித்ததைக் கேட்டேன் என்று சாதித்த அண்ணன் மகன் பொய்யன் என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. வெர்னாவுக்கு அது கேட்கவில்லை. 'சிரிப்புச் சத்தத்தில் அத்தை சொன்னது விழவில்லை, அதனால் முடிவு புரியவில்லை' என்று எழுதி, கீழே தன் பெயரையும் முகவரியையும் எழுதினாள்.

அப்போது அவள் வெர்னா பெர்க். மூன்று வாரத்தில் ஸ்டூடியோவிலிருந்து கடிதம் வந்தது. 'அன்புள்ள மிஸ் பெர்க், உங்கள் குறிப்புக்கு நன்றி. நீங்கள் சொன்னது சரி. பரிசாரகன் வரும் காட்சியை நீக்கிவிட்டு, அத்தை பேசுவதை மட்டும் வைத்திருக்கிறோம். இனி எல்லோருக்கும் கேட்கும்.' எக்ஸ்சேஞ்சில் ஒருவர் விடாமல் அதை வாங்கிப் படித்தார்கள். ஹாலிவுட்டே அவள் பேச்சைக் கேட்டதென்று அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

போருக்குப் பிறகு, 1946-ல், எக்ஸ்சேஞ்சில் தண்ணீர் குளிரவைக்கும் இயந்திரம் பழுதாகி, அதைச் சரிபார்க்க ஆர்வில் ஹஸ்கின்ஸ் வந்தார். உயரமான, முகத்தில் எதையும் காட்டாத மனிதர். மூன்றாவது தடவை சந்தித்தபோது, ஆப்பிள் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"நானும் ஒரு படத்துல நடிச்சிருக்கேன். ஆனா அந்தப் படத்துல நான் இல்ல."

வெர்னா சிரித்தாள். அவர் படத்தின் பெயரைச் சொன்னார். அவள் சிரிப்பு நின்றது.

சின்ன நடிகர்களை முன்காட்சிக்கு அழைப்பதில்லை. ஆர்வில் தன் காட்சியைப் பார்க்க, படம் வெளியான அன்று பேக்கர்ஸ்ஃபீல்டில் அம்மாவையும் இரண்டு தங்கைகளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். விருந்து வந்தது, சூப் மேசையில் இருந்தது, இவர் இல்லை. "எப்படா வருவே?" என்று படம் முடியும்வரை அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போன் செய்தார். எடுத்த எவனோ, விசாரிக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, "சிரிப்பு வரலப்பா, தூக்கிட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். ஆர்வில் அதற்குப் பிறகு ஸ்டூடியோ பக்கம் போகவில்லை. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டார்.

சிரிப்பு வராத ஆள் என்று தன்னைப் பற்றி முடிவு கட்டிக்கொண்டவர், அதை எல்லா இடத்திலும் கடைப்பிடித்தார். மகள் கல்யாணத்தில் இரண்டு வார்த்தை வேடிக்கையாகப் பேசச் சொன்னார்கள். "அது எனக்கு வராது" என்று கண்ணாடி டம்ளரை மட்டும் உயர்த்திவிட்டு உட்கார்ந்தார். எங்கள் வியாழக்கிழமை நகைச்சுவைப் படங்களுக்குத் தவறாமல் வருவார். கையைக் கட்டிக்கொண்டு, தேர்வில் தோற்றவன் பாஸானவனின் விடைத்தாளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

வெர்னா சொல்லவில்லை. முதலில், சொன்னால் கல்யாணம் நடக்காதோ என்று பயம். நடந்த பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயம். வருஷம் ஆக ஆக இரண்டாவது பயம் பெருத்தது. கடிதம் கைக்குட்டை அலமாரியில் கிடந்தது. இதையெல்லாம் அவள் பிற்பாடு என்னிடம் சொன்னபோது நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவள் செய்தது கொலையில்லை. ஆனால் சின்ன விஷயமும் இல்லை. ஒரு மனிதன் தனக்கு வராது என்று நாற்பது வருஷம் நம்பினான். இல்லை, வந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

1987 இலையுதிர்காலப் பட்டியலில், வாடகைக்குக் கிடைக்கிறதே என்று நான் அந்தப் படத்தைப் போட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது. பட்டியல் வெளியான அன்றே வெர்னா என் மேசைக்கு வந்தாள்.

"இந்தப் படம் வேணாம். மாத்திடுங்க."

"ஏன், மிசஸ் ஹஸ்கின்ஸ்?"

"ஒலி சரியிருக்காது."

"பிரிண்ட் இன்னும் வரவே இல்லையே?"

திரும்பிப் போய்விட்டாள். நான் மாற்றவில்லை. அவளுக்காக ஒலியைப் பார்த்துப் பார்த்து ஒரு வருஷத்துப் படத்தில் பாதியை ஏற்கெனவே தள்ளியிருந்தேன், எரிச்சலாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை அவள் தலைவலி என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். "அப்ப நீ இரு, நான் மட்டும் போயிட்டு வரேன்" என்று ஆர்வில் டை கட்டிக்கொண்டு கிளம்பியதும், தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்தாள். படம் நன்றாகவே ஓடியது. விருந்துக் காட்சியில் சிரிப்பு இல்லை. கடிகாரத்தைப் பற்றி அத்தை சொன்னது கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது.

காப்பி ஊற்றியதும் லெஸ்டர் பிங்ஹாம் ஆரம்பித்தார். தபால் ஆபீசில் ஓய்வு பெற்றவர், துப்பறிவதில் தனக்கு மிஞ்சி ஆளில்லை என்று நினைப்பு.

"அத்தையோட கையைப் பாத்தீங்களா? ஒரு செகண்ட் முன்னாடி காஞ்சிருக்கு, அடுத்த செகண்ட் முழங்கை வரைக்கும் ஈரம். எங்கயோ போயி விஷத்தைக் கழுவிட்டு வந்திருக்கா. அண்ணன் மகன் பாவம்யா, கொலைகாரி அவதான். படம் எடுத்தவனுக்கே அது தெரியல!"

"நாப்பத்தேழு வருஷம் கழிச்சுப் போயி அவளைக் கைது பண்ணு, லெஸ்டர். ஓடவா போறா?" என்றாள் பின் வரிசையிலிருந்து ஒருத்தி.

"அது சூப்பு," என்றார் ஆர்வில்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் கொட்டினேன். அத்தை கை நனைஞ்சது நான் இருந்த காட்சியில. காட்சியைத் தூக்கிட்டாங்க, ஈரத்தைத் தூக்க முடியல." இருந்த இடத்திலிருந்தே கரண்டி விஷயத்தையும் நான்கே வாக்கியத்தில் சொன்னார்.

"அட, நல்லாத்தானேய்யா இருக்கு! ஏன் தூக்கினாங்க?" என்றார் லெஸ்டர்.

"சிரிப்பு வரல."

"எங்க, எழுந்து ஒரு தடவை செஞ்சு காட்டேன்!"

"வராததை ரெண்டாவது தடவை வேற காட்டணுமாக்கும்."

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. ஆர்வில் அதைத் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக எடுத்துக்கொண்டு காப்பியைக் கலக்கினார். பக்கத்தில் வெர்னா எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு அட்டை போதாமல் என்னிடம் கையை நீட்டி இன்னொன்று வாங்கினாள்.

அட்டைகளை வாங்கி வழக்கம்போலப் படித்தேன். நாலைந்துக்குப் பிறகு அவளுடையது வந்தது.

"'1940 ஆகஸ்டில் இந்தப் படத்தின் முன்காட்சியை நம் ஊரில் பார்த்தேன். பரிசாரகன் அத்தையின் சட்டைக் கைக்குள்ளிருந்து சூப்பை அள்ளியபோது தியேட்டரே சிரித்தது. அதனால் அத்தை சொன்னது கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எழுதிக்கொடுத்தேன். அதற்காகப் பரிசாரகனை நீக்கிவிட்டதாக எனக்குக் கடிதம் வந்தது. கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தக் காட்சியில் குற்றம் இல்லை. எழுதினவள் மேல்தான் குற்றம்.'"

பாதியிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் வாய் தானாகப் படித்து முடித்தது. பெயர் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆர்வில் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "இன்னொரு தடவை படிங்க," என்றார். படித்தேன். நாற்பது பேரில் ஒருவர்கூடக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"நாப்பது வருஷம், வெர்னா."

"ஆமா."

"ஒரு நாள்கூடவா வாய் வரைக்கும் வரல?"

"தினமும் வந்துச்சு."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெர்னா கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் பின்னால் ஓடினாள். லெஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், நான் முறைத்ததும் மூடிக்கொண்டார். நாற்காலியில் அவள் கைப்பை கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் படியேறினேன். ஒட்டுக் கேட்கப் போகவில்லை, ஆனால் கேட்டது.

கார் நிறுத்துமிடத்தில் வெயில் நன்றாக அடித்தது. ஆர்வில் கார்க் கதவைத் திறக்காமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டு கஜம் தள்ளி நின்றாள். அப்போது அவள்மேல் எனக்கு முதல் முறையாக இரக்கம் வந்தது.

"தியேட்டர்ல எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"நிறைஞ்சிருந்துச்சு. எண்ணூறு பேராவது இருக்கும்."

"எவ்வளவு நேரம் சிரிச்சாங்க?"

"அத்தை சொன்னது கேக்கல. அண்ணன் மகன் பதிலுக்கு என்னமோ சொன்னான், அதுவும் கேக்கல. அப்புறம் டாக்டர் வாயை அசைச்சான். எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தார்."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ?"

"என்ன?"

"நீ சிரிச்சியா?"

"சிரிச்சேன், ஆர்வில். எல்லாரையும்விட அதிகமா. எனக்குக் கேக்காமப் போனதே என் சிரிப்பாலதான். அதை மட்டும் அட்டையில எழுதல. அன்னிக்கும் எழுதல, இன்னிக்கும் எழுதல."

ஆர்வில் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டில் நுழைக்கவில்லை.

"அந்த டாக்டர் வாயை அசைச்சான்னியே," என்றார், "அங்கேருந்து மறுபடி சொல்லு."