ஒரு சொட்டு எண்ணெய்

இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, பாருங்கள். வேறு யாராவது என்னிடம் இப்படி ஒரு கதையைச் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன், பார்ப்பதோடு விடாமல் நாலு கேள்வி கேட்டு ஆளைத் துரத்தியும் இருப்பேன். பேய், பிசாசு, ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டராக இருந்தவன் நான். எங்கள் ஷெட்டில் வெள்ளைச் சேலை ஆடுகிறது என்று ஒருத்தன் வேலையை விட்டே ஓடினான், போய்ப் பார்த்தால் எக்ஸாஸ்ட் ஃபேனில் மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக் தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேன்டீன் முழுக்கக் காட்டிச் சிரித்தவன் நான்தான்.

என் பிழைப்பே சத்தம்தான். மெஷினில் எங்கேயாவது சத்தம் மாறினால் என்னைக் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் உள்ளே நடப்பது அத்தனையும் தெரியும். கிரீஸ் காய்ந்தால் ஒரு சத்தம், குண்டு தேய்ந்தால் ஒரு சத்தம், ஷாஃப்ட் கோணினால் ஒரு சத்தம். எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு, பொறுமையாகத் தேடினால் அகப்படும். நான் கும்பிட்ட சாமி அது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. லைன் வீட்டில் குடியிருந்தோம், நானும் என் மனைவி செல்வியும். எனக்குச் சொந்த ஊர் மத்தூர். பக்கத்து வீட்டில் நாகம்மா, அவள் புருஷன் முனியப்பா, ஒரே பையன் மஞ்சு. தளிப் பக்கத்துக்காரர்கள், வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், எங்களிடம் தமிழ், காய்கறிக்காரியிடம் கன்னடம். முனியப்பா வேறொரு கம்பெனியில் பிரஸ் ஷாப். நாகம்மா வீட்டில் தையல். அந்த மிதி மெஷினை வைத்துத்தான் பையனைப் படிக்க வைத்தாள். என்னை அண்ணா என்பாள், அதனால் மஞ்சுவுக்கு நான் மாமா.

மஞ்சு டிப்ளமா முடித்துவிட்டு பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்தான். அங்கிருந்து ஒவ்வொரு சாமானாகக் கொண்டுவந்து வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துவிட்டான். எதற்கு? கேம் விளையாட. கார் ரேஸ், துப்பாக்கிச் சண்டை. ஞாயிற்றுக்கிழமை என்றால் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் கிடப்பார்கள். சூடு தாங்கவில்லை என்று பெட்டியைப் படுக்கப் போட்டு, மேல் மூடியைக் கழற்றியே வைத்திருப்பான். உள்ளே இருக்கிற சின்ன ஃபேன் கொரகொரவென்று கத்தும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். டேய், உன் ஃபேனில் தண்டு சுற்றுகிற புஷ் காய்ந்துபோச்சு, உங்கம்மா மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விடு என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உங்க லேத்து பட்டறை வைத்தியமெல்லாம் இதுக்கு ஆகாது மாமா, புதுசு வாங்கிட்டு வரேன் என்று சிரிப்பான்.

வாங்கத்தான் போனான். நண்பனுடைய பைக்கில் போய் ஃபேனை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் ஒரு லாரி. பையன் தலையில் அடிபட்டு பெங்களூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். பையில் இருந்த ஃபேன் மட்டும் அட்டைப்பெட்டி கசங்காமல் வீடு வந்து சேர்ந்தது. இதற்கு என்ன சொல்வது? நாகம்மா ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள், நானும் முனியப்பாவும் மாறி மாறிப் போய் இருந்தோம். மூக்கில் குழாய், தொண்டையில் கொரகொரப்பு. இழுத்துக்கொண்டிருந்தான் என்று சொல்வார்களே, அதுதான். பார்க்க முடியாது.

அந்த நிலைமையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் தீபாவளியைவிட அது பெரிது, கம்பெனி ஊர் இல்லையா. மெஷின்களைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது. நாகம்மா அன்று காலை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். இத்தனை வருஷம் சோறு போட்ட மெஷினுக்கு ஒரு பூ வைக்காமல் விட்டால் என் பையனுக்கு ஆகாது, வைத்துவிட்டு மத்தியானம் போய்விடுகிறேன் என்றாள். தையல் மெஷின், கத்தரிக்கோல், டேப்பு, எண்ணெய் டப்பா எல்லாம் வைத்தாள். கூடவே மஞ்சுவின் கம்ப்யூட்டரையும் வைத்தாள். பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, அதன் மேல் சாமந்திச் சரம். பக்கத்தில் அந்தப் புது ஃபேன், பெட்டியோடு. தேங்காய் உடைத்து, எல்லாவற்றின் மேலும் கைநிறையப் பொரியை வாரித் தூவினாள். மூடி இல்லாத பெட்டி என்று அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது.

சாப்பிட்டுவிட்டு நான் படுத்திருந்தேன். அந்த ஒரு நாள் மட்டும்தான் எங்கள் ஊரில் சத்தமே இருக்காது. பிரஸ் ஓடாது, கம்ப்ரஸர் ஓடாது, நாய் குரைத்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கொர்... கொர்... என்று ஆரம்பித்தது. எனக்குத் தெரியாத சத்தமா அது? மஞ்சுவின் ஃபேன். நாகம்மாதான் பையன் நினைப்பில் போட்டுப் பார்க்கிறாள் போல என்று நினைத்தேன். அதற்குள் அவளே கதவைத் தட்டினாள்.

"அண்ணா, பையன் பெட்டி தானா சத்தம் போடுதுண்ணா. நான் எதையும் தொடல. கொஞ்சம் வந்து சூடண்ணா."

பதறினால் அவளுக்குத் தமிழும் தெலுங்கும் கலந்துவிடும், பார் என்பது சூடு ஆகிவிடும். போய்ப் பார்த்தேன். பிளக் சுருட்டிய இடத்திலேயே இருந்தது, அதன் மேல் பூ வாடாமல் இருந்தது. போதாததற்குத் தெருவுக்கே கரண்ட் இல்லை. பெட்டிக்குள் அந்தச் சின்ன ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வேகமாக இல்லை, கஷ்டப்பட்டு, இறக்கையில் பொரி மாட்டி மாட்டி. காற்றாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினேன். சுற்றியது. உள்ளே கொஞ்சம் கரண்ட் தேங்கி நிற்கும், அதில் சுற்றும் என்று நாகம்மாவிடம் பெரிய மனுஷன் மாதிரி விளக்கம் சொன்னேன். அப்படித் தேங்குகிற கரண்டில் ஒரு தும்மல் நேரம்கூட ஓடாது என்று எனக்கே தெரியும்.

வீட்டுக்கு ஓடி என் ஸ்க்ரூ டிரைவர்களை எடுத்தேன். அதுவும் பூஜையில் இருந்தது. செல்வி கையைப் பிடித்தாள்.

"பூஜைல வெச்சத எடுக்காதீங்க. ஒரு ராத்திரி போவட்டுமே, நாளைக்குப் பாத்துக்கலாம்."

நான் கேட்கிற ஆளா? குங்குமத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். செல்வியும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். ஃபேன் சட்டத்தின் மேல் முனையை வைத்துப் பிடியைக் காதில் ஒட்டினேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். சுற்றுகிற மெஷின் எதுவானாலும் அதன் சத்தம் ஒரே பக்கமாகப் போகும், திரும்பி வராது. இது இழுத்தது, நின்றது, விட்டது. மறுபடி இழுத்தது. நடுவில் நிற்கிற இடத்தில் இனி வராதோ என்று பிடியைக் காதில் இன்னும் அழுத்தினேன். இத்தனை மெஷினைக் கேட்ட காது இது, அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அப்போதே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் நாகம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் ஒரு வீம்பு, காரணம் கண்டுபிடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று. பொரியை ஒவ்வொன்றாக எடுத்தேன். திருகாணிகளைக் கழற்றி ஃபேனைத் தனியாக எடுத்தேன். அதன் வயரையும் போர்டிலிருந்து உருவினேன். இப்போது அது என் உள்ளங்கையில் இருக்கிறது, எதோடும் ஒட்டில்லை, உறவில்லை. சுற்றுகிறது. உள்ளங்கையில் அதன் நடுக்கம் தெரிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

புது ஃபேனை மாட்டிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், அது பையனே வந்து மாட்டட்டும் என்று சொல்லிவிட்டாள். பிறகு கேட்டாள்.

"எண்ணெ விட்டா சத்தம் நின்னுடுமாண்ணா?"

"நின்னுடும்மா. காஞ்சுபோய்த்தான் கத்துது."

பின்பக்கத்து ஸ்டிக்கரை உரித்து, ஒரு கையில் ஃபேனும் மறு கையில் ஸ்க்ரூ டிரைவருமாகப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கை இல்லை. நீயே விடும்மா, ஒரு சொட்டு போதும் என்றேன். பூஜையிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்தாள். அதன் மூக்கை ஸ்டிக்கர் மூடியிருந்த குழியில் வைத்து, குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுகிற மாதிரி, மெதுவாக ஒரு சொட்டு விட்டாள்.

கொரகொரப்பு குறைந்தது. நான்கைந்து சுற்றில் சத்தமே இல்லை, அவ்வளவு லேசாக ஓடியது. நாகம்மா அத்தனை நாளில் அன்றுதான் சிரித்தாள்.

"இப்பதாண்ணா நிம்மதியா கீது."

கொஞ்ச நேரம் அப்படியே ஓடியது. பிறகு வேகம் குறைந்து, குறைந்து, நின்றது. விரலால் தள்ளிப் பார்த்தேன். ஒரு சுற்று சுற்றி நின்றுகொண்டது, எல்லா ஃபேனும் செய்கிற மாதிரி. அவ்வளவுதான், முடிந்தது, இனி நிம்மதியாகப் பஸ் ஏறு என்று அவளிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கையில் சோப்பு நுரையோடு நிற்கிறேன், முக்கு எஸ்.டி.டி. பூத்காரர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வருகிறார். முனியப்பா பெங்களூரிலிருந்து போன் செய்திருந்தார். மஞ்சு போய்விட்டான்.

முனியப்பா பிறகு சொன்னதை அப்படியே சொல்கிறேன். காலையிலிருந்து இழுப்பு ஜாஸ்தியாக இருந்ததாம், பார்க்கச் சகிக்கவில்லையாம். மத்தியானம் திடீரென்று கொரகொரப்பு அடங்கி, மூச்சு லேசாக வந்ததாம்.

"ஐயோ, புள்ள நல்லா தூங்கறானேன்னு சந்தோசப்பட்டேங்க. நர்சம்மாவக்கூட கூப்பிடல. கொஞ்ச நேரங்கழிச்சுப் பாத்தா ஒண்ணுமில்ல."

தற்செயல் என்பீர்கள். நானும் எனக்கே அதைத்தான் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன், மறுநாள் ஒன்று நடக்காமல் இருந்திருந்தால்.

மறுநாள் பூஜையில் வைத்த சாமான்களை எல்லாரும் எடுக்கிற நாள். அன்றைக்குத்தான் அவனைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரித் துணியில் சுற்றி, முகம் மட்டும் தெரிந்தது. வாய்க்கரிசி போடக் குனிந்தேன். மருந்து வாடையைத் தாண்டி, பூ, ஊதுபத்தி எல்லாவற்றையும் தாண்டி, அவன் வாயிலிருந்து தையல் மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. என்னை யாரும் ஏமாற்ற முடியாது, என் வாழ்க்கை முழுக்க எண்ணெய்தான். அரிசியைக் கீழே சிதறவிட்டுப் பின்வாங்கினேன். அடுத்தது நாகம்மா குனிந்தாள். அதுவரை அலறிக்கொண்டிருந்தவள் பட்டென்று நிறுத்தினாள். மூக்கை அவன் முகத்தோடு வைத்து ஒரு மூச்சு இழுத்தாள். தன் விரலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அத்தனை கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை.

அதைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முனியப்பா வேலையை விட்டுவிட்டுத் தளிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நாகம்மா மட்டும் இருக்கிறாள். நான் ரிட்டயர்டு ஆகியும் அதே வீடு, அதே சுவர். வேறு வீடு பார்க்கலாம் என்று செல்வி சொல்லும்போதெல்லாம் எதையாவது சொல்லித் தட்டிக் கழிக்கிறேன், ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நாகம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னமும் தைக்கிறாள். ஆயுத பூஜைக்கு மெஷின், கத்தரிக்கோல், டேப்பு எல்லாம் வைக்கிறாள். எண்ணெய் டப்பா மட்டும் அன்றிலிருந்து அந்த வீட்டில் இல்லை.

எண்ணெய் இல்லாமல் மெஷின் என்ன ஆகும்? கத்துகிறது. காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும் வரை, இழுத்து இழுத்து, சுவர் வழியாக என் காதில். ஒரு தடவை தாங்க முடியாமல் வாசலில் நின்று, மெஷின் ரொம்பக் காய்ந்துவிட்டதும்மா என்று மட்டும் சொன்னேன். மிதிப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"இருக்கட்டும்ண்ணா. சத்தம் இருக்கற வரைக்கும் தேவல."

என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். ஒரு சொட்டு போதும். அதை விடுவதற்கு இந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லை.