பதினோரு படி, மூன்று நிறுத்தம்

முதலில் கேட்டது ஒரு விசில் சத்தம். என் மகள்தான் கண்டுபிடித்தாள். "அப்பா, ஒங்க நெஞ்சுக்குள்ள யாரோ விசில் அடிக்காங்க" என்று சிரித்தாள். மூன்றாம் நாள் அவள் சிரிக்கவில்லை. நான் பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்கும் இப்படி மூச்சு வாங்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழல்கள் சுருங்கி, காற்று வெளியேறத் திணறும் நாள்பட்ட நோய்) இருப்பது முன்பே தெரியும். இந்த முறை முற்றிவிட்டது. மும்பை செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேன். நெபுலைசரை (மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் தரும் கருவி) கழற்றியதும் நான் கேட்டது ஒன்றுதான். "டாக்டர், ஏணி ஏறலாமா?"

தாராவியில் எங்கள் தையல் பட்டறை மாடியில் இருக்கிறது. சந்திலிருந்து செங்குத்தாக இரும்பு ஏணி, பதினோரு படி. ஏற முடியாவிட்டால் என் மிஷினில் வேறு ஆள் உட்காருவார்.

"ஏறலாம். உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதிக்கிட்டே ஏறுங்க. நடுவுல நின்னா தப்பில்ல. பேசத்தான் கூடாது."

மூன்று வாரம் கழித்துப் பட்டறைக்குப் போனேன். ஊதி ஊதி ஏறினேன். ஆறாம் படியில், மேலிருந்து ஒரு சட்டைக் கட்டு தோளில் வந்து விழுந்தது. ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

தவறு என்னுடையது. ஏறுகிறவர் "வாரேன், வாரேன்" என்று கத்திக்கொண்டே ஏற வேண்டும். அது கேட்டால்தான் தைத்த கட்டுகளைச் சந்தில் வீசுவதை நிறுத்துவார்கள். மூச்சையே நினைத்து அதை மறந்துவிட்டேன்.

எங்கள் மேஸ்திரி செல்லையா அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏய், கள்ளன் மாதிரி ஏறுதியே! வாயில என்ன கொழுக்கட்டையா?"

நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"சரி, பேசாத. மெதுவா வா. அரே ருக்கோ! நிறுத்துங்க, யாரும் கட்டு போடாதீங்கடே!"

மூன்று இடத்தில் நின்று ஏறினேன். என் மிஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்தபோது, ஊசி ஓடிய சத்தத்தில் கண் கலங்கிவிட்டது.

இப்போது தரையில் நின்றே கத்திவிடுகிறேன்: "வாரேன்!"

"மகாராசா பொறப்புட்டாரு. எல்லாரும் டீயக் குடிங்கடே!" என்பார் அண்ணன்.

முன்பு அந்த ஏணியில் ஏறியதே நினைவில் நிற்காது. இப்போது ஒவ்வொரு படியும் தெரிகிறது. உங்கள் அப்பா பாதியில் நின்றால் பயப்படாதீர்கள், கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கிற காற்றை வெளியே விடுகிறார். விட்டு முடித்ததும் அடுத்த படியில் கால் வைப்பார்.