முதல் பரிசு ஒரு லேடீஸ் சைக்கிள்

நான் விளையாட்டு ஆசிரியையாக வேலை பார்க்கும் பள்ளியில் சென்ற மாதம் ஒரு பேச்சு எழுந்தது. கல்லூரி அணிக்காக விளையாடும் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகைக்கு மேல் பணமும் கொடுக்கலாமா, கூடாதா என்று. கூடவே கூடாது என்றார் கணக்கு வாத்தியார். படிப்பு இலவசம், தங்க இடம் இலவசம், சாப்பாடு இலவசம், அதற்கு மேலும் கேட்டால் பேராசை என்றார். நல்ல மனிதர்தான். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியிருக்க மாட்டார். நான் எழுந்து மைதானத்துக்குப் போய்விட்டேன். அவர் எதிரில் வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. சேரப்பணஞ்சேரியில் எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மார்க்கில் கிடைத்த சீட் இல்லை, காலில் கிடைத்த சீட். மாவட்டப் போட்டியில் நான் ஓடியதைப் பார்த்துவிட்டுக் கல்லூரிக்காரர்கள் வீடு தேடி வந்து, ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டலும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று அழைத்துப் போனார்கள். அப்பா அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

காலை ஐந்து மணிக்கு மைதானம், எட்டு மணிக்கு மூன்று இட்லி, சாயங்காலம் திரும்பவும் மைதானம். உட்கார்ந்து படிக்கிற பெண்ணுக்கும் மூன்று இட்லி, பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வருகிற எனக்கும் மூன்று இட்லி. நாலாவது கேட்டால் ஓசிச் சோற்றுக்கு வாயைப் பார் என்று மெஸ் அக்கா எல்லார் எதிரிலும் சொல்லுவார். முட்டையும் பாலும் போட்டிக்கு முந்தைய பதினைந்து நாள் மட்டும் வரும். போட்டி முடிந்த மறுநாளே ஊரில் உள்ள கோழிகள் எல்லாம் முட்டையிடுவதை நிறுத்திவிடும். இதுதான் கணக்கு வாத்தியார் சொல்கிற இலவசம்.

அந்த வருடம் பொங்கல் கழிந்த வாரம், ஒரகடம் ரோட்டில் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனி ஓட்டப்பந்தயம் வைத்தது. படப்பையில் தொடங்கி ஒரகடம் கூட்டுரோடு வரை. பெண்களில் முதலில் வருபவருக்கு லேடீஸ் சைக்கிள். அந்த சைக்கிள் எங்களுக்கு எதற்கு வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. என் தங்கை எட்டாம் வகுப்பு. ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க படப்பைக்குப் போக வேண்டும். பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிள்ளைப்பாக்கத்து மாமா பொங்கலுக்கு மொபெட் வாங்கியிருந்தார். தன் பழைய சைக்கிளை ஜூன் மாதம் தங்கைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். செயின் கழன்றுகொண்டே இருக்கும் வண்டி. புதிதே கிடைக்கும்போது அது எதற்கு என்று நான்தான் முதலில் சொன்னேன்.

அது கல்லூரிப் போட்டி இல்லை, யார் வேண்டுமானாலும் ஓடலாம். ஆனாலும் சீட்டை நினைத்துப் பயந்து பி.டி. சாரிடம் அனுமதி கேட்டேன். தாராளமாக ஓடு, ஆனால் நம் கல்லூரி பனியனைப் போட்டுக்கொண்டு ஓடு என்றார். எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு முட்டாளை அந்தக் கல்லூரி அதற்கு முன்பு சேர்த்திருக்காது.

பந்தயம் எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. அப்பாவும் அம்மாவும் ரோட்டோரம் நின்றிருந்தார்கள். தங்கை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் என்கூடவே ஓடி வந்தாள். எனக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறு பெண்ணே இல்லை. கூட்டுரோட்டில் போட்டிருந்த பந்தலில், கல்லூரித் தாளாளர் எனக்கு முன்பே வந்து மாலையோடு உட்கார்ந்திருந்தார். பரிசு கொடுக்கும்போது சைக்கிளின் ஹேண்டில்பாரை அவர் பிடித்துக்கொண்டார், நான் சீட்டைத் தொட்டுக்கொண்டு நின்றேன். போட்டோ எடுத்தார்கள். பிறகு சைக்கிளைக் கல்லூரி வேனில் ஏற்றினார்கள். கல்லூரியில் எல்லாருக்கும் காட்டிவிட்டுத் திங்கட்கிழமை கொடுத்துவிடுவதாக பி.டி. சார் சொன்னார்.

அன்று சாயங்காலமே அம்மா மாமாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். எங்களுக்குப் புதுசு வந்துவிட்டது, உன் வண்டியை வேறு யாருக்காவது கொடு என்று. அண்ணன் வீட்டுப் பழசை வாங்கித்தான் பழக்கம் அவளுக்கு. ஒருநாள் வேண்டாம் என்று சொல்லிப் பார்க்க ஆசை. அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாமா அந்த வாரமே தன் மச்சான் மகனுக்குக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை வந்தது, போனது. சைக்கிள் ஆபீஸ் வராந்தாவில் நின்றது. அடுத்த மாதம் அட்டெண்டர் அதில் போஸ்ட் ஆபீஸ் போய்வந்தார். பின்னால் கேரியர் கூட மாட்டினார்கள். புது வருட அட்மிஷன் நோட்டீஸில் என் படம் வந்தது. படத்தில் தாளாளர் பெரிதாகவும் நான் சின்னதாகவும் இருந்தோம். மார்ச் மாதம் பிரின்சிபால் அறைக்குப் போய் என் சைக்கிளைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அப்பாவை அழைத்து வரச் சொன்னார்.

அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. பிரின்சிபால் ஒரு டைப் அடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு வருட ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், ஓடுவதற்கு வாங்கிக் கொடுத்த ஷூ வரை வரிசையாக இருந்தது. கல்லூரி பனியனில் ஜெயித்தது கல்லூரிக்குத்தான் சேரும் என்றார். தனக்கென்று பரிசு சேர்க்கிற பெண் என்றால் தாராளமாகச் சேர்க்கட்டும், அப்போது மற்ற பெண்கள் போல ஃபீஸும் கட்டிவிடட்டும் என்றார். விளையாட்டில் காசு ஆசை வந்தால் விளையாட்டு கெட்டுவிடும் என்று எனக்குப் புத்தியும் சொன்னார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எண் தெரியும். தாளின் அடியில் இருந்த தொகையைப் பார்த்துவிட்டார்.

"வண்டி இங்கியே கெடக்கட்டும் சார். சோறு போட்டு படிக்க வெக்கிறீங்க. எம்பொண்ண மட்டும் வூட்டுக்கு அனுப்பிடாதீங்க."

இரண்டு கையும் கூப்பியிருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன், அது என் சைக்கிள் என்று இன்னொரு தரம் சொல்லவில்லை. பஸ் நிறுத்தம் வரை அப்பாவோடு நடந்தபோது எனக்கு அவர்மேல்தான் வெறுப்பு வந்தது. பிரின்சிபால் மேல் வரவில்லை பாருங்கள், அதுதான் அந்த இடம் எனக்குக் கற்றுக்கொடுத்த படிப்பு. ஒருத்தியாவது முடிக்கட்டும் என்று அப்பா பஸ் ஏறும்போது சொன்னார். அவர் எந்த மகளைத் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

தங்கை ஜூன் மாதம் படப்பைக்கு நடந்து போக ஆரம்பித்தாள். பஸ் கிடைத்த நாளில் ஏறினாள், கிடைக்காத நாளில் முதல் பீரியடை விட்டாள். கம்பெனிகளுக்கு மண் அடிக்கும் லாரிகள் அந்த ரோட்டில் ஓட ஆரம்பித்திருந்தன. ஐப்பசி மழையில் ஒரு லாரி அவள் மேல் சேற்றை அடித்துவிட்டு உரசியபடி போனது. அன்றோடு அம்மா அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாள். அந்த வாரம் நான் பல்கலைக்கழகப் போட்டியில் இரண்டு பதக்கம் வாங்கினேன். அந்தச் சான்றிதழ்களால்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. நான் பிழைத்துவிட்டேன், அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

விளையாடும் பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்லுவேன், கணக்கு வாத்தியாரே. இலவசம் என்ற சொல்லைக் காட்டிக் காட்டியே எங்கள் வாயை அடைத்தார்கள். கூலி என்று கையில் கொடுத்திருந்தால் அப்பா அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கூலி கொடுத்தவனிடம் சண்டை போட அவருக்குத் தெரியும், அறுப்புக் காலத்தில் பார்த்திருக்கிறேன். தானம் கொடுப்பதாகச் சொன்னவனிடம்தான் அவருக்கு வாய் வரவில்லை.

தங்கை பதினெட்டு வயதில் கம்பெனி வேலைக்குப் போனாள். பேக்கிங் லைன். வேலையில் அவ்வளவு சுத்தம், புதிதாக வரும் பெண்களை அவளிடம்தான் விடுவார்கள். அவள் வேலை கற்றுக்கொடுத்த நான்கு பெண்கள் அவளுக்கே சூப்பர்வைசராக வந்துவிட்டார்கள். அந்த வேலைக்கு பிளஸ் டூ வேண்டும்.

நாலாவது பெண் சூப்பர்வைசரான வாரம் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தக் கல்லூரியை, பிரின்சிபாலை, அப்பாவை என்று வழக்கம்போல எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் சாப்பாட்டு டப்பாவில் சோற்றை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவங்கள ஏங்கா சொல்ற. நீ அன்னிக்கி தோத்திருந்தின்னா மாமா வண்டி எனக்கு வந்திருக்கும். நானு படிச்சிருப்பேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவள் டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, கம்பெனி பஸ் வந்துவிடும் என்று கிளம்பினாள்.