நிலா வண்டிக்கு விழுந்த முத்திரை

ஜம்புநாதன் டெல்லியில் ஒரு மத்திய அமைச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தார். அரசாங்கக் குடியிருப்புகளின் கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்று வரைவதுதான் வேலை. ஒரே ஒரு தடவை மட்டும் வேறொன்று வரைந்தார்.

அது அறுபத்தாறாம் வருஷம். நிலாவில் ஓட்டப்போகும் வண்டிகள் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் விதவிதமாகப் படம் போட்டன. புழு மாதிரி நெளிவது ஒன்று, காலை எடுத்து வைத்து நடப்பது ஒன்று. பெரும்பாலானவை காகிதத்தை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் ஜம்புவுக்குக் கை பரபரத்தது. ஆறு சக்கரம், முன்னும் பின்னும் ஸ்டியரிங், அச்சுக்குள் தூசி புகாமல் தோல் உறை என்று மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தார். மே மாதப் புழுதிக் காற்றில் ஆபீசுக்கு சைக்கிள் மிதித்தவருக்குத் தூசியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வரைந்ததை முறைப்படி மேலிடத்துக்கு அனுப்பினார். ஃபைல் ஆறு வருஷம் ஊர் சுற்றியது. டிரைவர் பதவிக்கு அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று ஓர் அதிகாரி எழுதினார். நிலாவுக்குப் போவது வெளியூர்ப் பயணமா, வெளிநாட்டுப் பயணமா என்று இன்னொருவர் விளக்கம் கேட்டார். வேண்டாம் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. “தற்போதைக்கு வைத்திருக்கலாம்” என்ற குறிப்போடு அது அலமாரிக்குள் போய்ப் படுத்தது.

வீட்டில் மனைவி காமாக்ஷியிடம் அந்த வண்டியைப் பற்றி அவர் சொல்லாத நாள் இல்லை. அவள் நம்பாத நாளும் இல்லை. குழாய் வரைகிறவருக்கு நிலாவில் என்ன வேலை என்பாள். படத்தை ஒரு தடவை அவள் கண்ணில் காட்டிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. ஆனால் ஆபீஸ் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதா? அந்த மாதிரி ஆள் இல்லை ஜம்பு.

தொண்ணூற்றேழில், ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது, இருபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட ஃபைல்களையெல்லாம் அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு அவருக்கே விழுந்தது. நிலா வண்டி பதினேழாவதாக நின்றது. ரகசிய ஃபைலை மட்டும் அந்தப் பிரிவில் யாரும் தொட முடியாது என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு குளிர்கால மத்தியானம், எல்லோரும் வெயில் காய வெளியே போயிருந்த சமயம் பார்த்து, மேஜை டிராயரிலிருந்து ‘ரகசியம்’ முத்திரையை எடுத்து ஓங்கி ஒரு குத்து குத்தினார். ஃபைல் பிழைத்தது. அன்று மாலை மயூர் விஹார் வீட்டில் இரண்டு தட்டு உப்புமா சாப்பிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது. ரகசிய ஃபைலை வெளியாள் பார்க்க முடியாது. இப்போது அவரே வெளியாள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததும் முதல் வேலையாகப் படத்தின் நகல் கேட்டு எழுதிப் போட்டார். பதில் வந்த அன்று அவர் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அப்பளம் வாங்கப் போயிருந்தார். கடிதத்தைப் பிரித்துப் படித்தது காமாக்ஷி. நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு மேற்படி வாகனத்தைப் பற்றிய எந்த விவரமும் தருவதற்கில்லை என்று இருந்தது.

அவர் உள்ளே நுழைந்தபோது அவள் எழுந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்காக அவள் எழுந்து நின்றதில்லை.

“ஏன்னா, நெஜமாவே இவ்வளவு பெரிய காரியமா பண்ணியிருக்கேள்?”

முத்திரை குத்திய கதை ஜம்புவின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். விழுங்கிவிட்டார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பேச்சை மாற்ற, வண்டியைப் பற்றியே ஆரம்பித்தார்.

“அதுக்கு ஆறு சக்கரம்டி. முன்னாடி ஒரு ஸ்டியரிங்...”

காமாக்ஷி பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள். பால்கனிக் கதவைச் சாத்தினாள்.

“போறும். இனிமே இதப் பத்தி ஒரு வார்த்தை பேசப்படாது. என்கிட்டகூட.”

பேசவிடவும் இல்லை. அதற்குப் பிறகு அவர் சக்கரம் என்று வாயெடுத்தாலே டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். ஜனக்புரியில் இருக்கும் தங்கைக்கு மட்டும் ஃபோன் போட்டு, இவர் என்ன வேலை பார்த்தார் என்று தனக்கே தெரியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.