வரணும்னு இல்லை

அப்பா சாவதற்குப் பதினோரு நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டுக் காகிதம் எடுக்கச் சொன்னார். எழுபதுகளின் கடைசி. சித்திரை. கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. அப்பாவின் நெஞ்சுக்குள்ளும் அப்படித்தான் ஏதோ வெடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சும் ஒரு பிளவைத் தாண்டி வந்தது. ஜின்னிங் ஆலையில் முப்பது வருஷம் பஞ்சைச் சுவாசித்தவர்.

"எனக்குப் பொறவு என்னென்ன செய்யணும்னு சொல்லுதேன், எழுதிக்க."

"தம்பியக் கூப்பிடவாப்பா? அவனுந்தான் கேக்கட்டும்."

"கொள்ளி வைக்கவனும் கொடம் தூக்குதவனும் இத எழுதப்படாது. நீ சுடுகாட்டுப் பக்கமே வரப் போறதில்ல. நீ எழுது ஏட்டி."

அண்ணன் ஒருவன், தம்பி ஒருவன், நடுவில் நான். அண்ணன் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்தான். கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கியவன். அப்பாவுக்கு அதில் சம்மதமா, இல்லையா? அவர் சொன்னதே இல்லை.

எங்கள் பக்கம் இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவருவது மகன்மார். கிணற்றில் முழுகி, ஈரவேட்டியோடு குடம் சுமந்து, தலைக்கு மேல் நாலு பேர் வெள்ளைத் துணி பிடிக்க, சங்கு முன்னே போக, வீடு வரைக்கும் நடந்து வருவார்கள். நீர்மாலை என்போம். ஒருத்தன் இன்னாரின் மகன் என்பதை ஊர் கண்ணால் பார்க்கும் நடை அது.

மூன்று வருஷம் முன்பு அம்மா செத்தபோது அண்ணன் குடத்தைத் தூக்கினான். பசுவந்தனையிலிருந்து வந்திருந்த சித்தப்பா குறுக்கே நின்றார். "முழங்கால் போடுதவனுக்குக் கொடம் என்னத்துக்குல? மெழுகுவத்தியக் கையில குடுங்க." சிலர் சிரித்தார்கள். அரை மணி நேரம் வாக்குவாதம். அம்மா வெயிலில் கிடந்தாள். கடைசியில் அண்ணன் கையிலிருந்த குடத்தை வாங்கித் தம்பி கையில் கொடுத்தார்கள். அப்பா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்காகத்தான் இந்தக் கடுதாசி.

அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். கொட்டு வேண்டாம், கேட்ட சத்தமெல்லாம் போதும். அம்மாவை எரித்த இடத்துக்குப் பக்கத்தில். வெளியூர்க்காரர்களுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். பிறகு, இருமி முடித்து, சொன்னார்:

"மூத்தவன் நீர்மாலைக்கு வரணும்னு இல்ல."

நான் பள்ளியில் தமிழ்க் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள். பேசுகிற மாதிரியே எழுதினால் கடுதாசிக்கு மரியாதை கிடையாது என்று நம்பியவள். கொட்டு வேண்டாம் என்று அவர் சொன்னது என் கையில் 'மேளம் கூடாது' ஆகியிருந்தது. 'காத்திருத்தல் கூடாது.' அந்த ஓட்டத்தில் இதையும் எழுதினேன்: 'மூத்த மகன் நீர்மாலைக்கு வரக் கூடாது.'

ஓட்டத்தில் என்கிறேன். இரண்டு மாசமாக அண்ணன் வந்து எட்டிப் பார்க்காத கோபமும் அந்தப் பேனாவுக்குள் இருந்தது.

படித்துக் காட்டினேன். அப்பா தலையாட்டினார். ஆலை இரைச்சலில் காது போனவர். மேஸ்திரி என்ன சொன்னாலும் தலையாட்டிப் பழகியவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சத்தமாகப் படிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று. கையெழுத்துப் போட்டார். அவருக்குத் தெரிந்த எழுத்து அவர் பெயர் மட்டும்தான்.

செத்த அன்று தம்பி அந்தக் காகிதத்தை முற்றத்தில் நின்று வாசித்தான். அண்ணன் அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தான். 'கூடாது' என்றதும் முடிச்சுப் போட்ட கை நின்றது. சட்டையைத் திரும்பப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினான். சங்கு ஊதியது. தம்பி மட்டும் வெள்ளைத் துணிக்குக் கீழே நடந்து வந்தான். அண்ணன் ரோட்டோரத்தில், முட்செடிகளுக்குப் பக்கத்தில், யாரோ வழிப்போக்கன் போல நின்றான்.

மறுநாள் எலும்பு பொறுக்கி முடித்ததும் அண்ணன் ஊருக்குக் கிளம்பினான். வாசலில் என்னை நிறுத்தினான்.

"கடுதாசியில உள்ளத விடு. அப்பா வாயில வந்தது என்ன? அப்படியே சொல்லு."

சொன்னேன். அப்பாவின் குரலில், அப்பா இழுத்த இழுப்பில்.

"இதத்தான் சொன்னாவளா?"

"இதத்தான்."

"வரணும்னு இல்லன்னா, வரப்படாதுன்னா அர்த்தம்?"

காய்ச்சல் அடித்தால் அப்பா என்னிடம் சொல்வார்: பள்ளிக்கூடம் போகணும்னு இல்ல. நான் போயிருக்கிறேன். அவரே சைக்கிளில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் அந்தச் சொல் கதவைச் சாத்துகிற சொல் இல்லை; திறந்து போட்டுவிட்டு நகர்ந்துகொள்கிற சொல்.

"அம்மா சாவுல நடந்தது திரும்ப எனக்கு நடக்கப்படாதுன்னு சொல்லியிருக்காவ. அவமானப்பட்டுக்கிட்டு வரணும்னு இல்லன்னு," என்றான் அண்ணன். "நான் யார் என்ன சொன்னாலும் கொடத்த விடப்படாதுன்னு நெனச்சுத்தான் வந்தேன்."

நான் உள்ளே ஓடிப் பேனா எடுத்து வந்தேன்.

"யாருக்காகத் திருத்துத?" என்றான். "குளிப்பாட்டியாச்சு."

பதினாறாம் நாள் காரியம் மிச்சம் இருந்தது. அண்ணனும் சேர்ந்து உட்காரலாம். தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அப்பா சொன்ன சொல்லோடு. அவன் காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டான்.

"கையெழுத்து யாருது?"

"அப்பாதுதான். ஆனா..."

"அப்பம் எழுதியிருக்கதுதான் அப்பா. நீ இன்னைக்கு ஒண்ணு சொல்லுவ, நாளைக்கு ஒண்ணு சொல்லுவ."

தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

அண்ணனுக்கு ஒரு கார்டு எழுதினேன். இந்த முறை பேசுகிற தமிழில், ஒரு சொல்லையும் செதுக்காமல். தப்பு எம்மேல, நீ வரணும், தம்பி என்ன சொன்னாலும் வந்து உக்காரணும் என்று. பதினாறாம் நாள் காலையிலிருந்து வாசலைப் பார்த்தேன். எள்ளும் தண்ணீரும் தம்பி ஒருவன் கையிலிருந்தே விழுந்தன. சித்தப்பா இலையில் உட்கார்ந்து மூன்று தடவை சாம்பார் கேட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பதில் கார்டு வந்தது. 'கார்டு கிடைத்தது. நேரில் வந்து சொல்லியிருந்தால் வந்திருப்பேன்.'

தூத்துக்குடி பஸ் எங்கள் தெரு முனையில் நின்றுதான் போகும்.