சின்னவனின் கடைவாய்ப் பல்

1964 செப்டம்பர் 6 என்று தேதியிட்ட இன்லண்டு கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பம்பாய் மாதுங்காவிலிருந்து அப்பா, ஊரிலிருந்த சித்தப்பாவுக்கு எழுதியது. "சின்னவனுக்குப் பல்வலி நின்றுவிட்டது. தினமும் ஓடுவதன் பலன். பாடமும் மனதில் நிற்கிறது. பெரியவள் விஷயம் பழையபடிதான்."

பெரியவள் நான். எனக்குப் பதினொன்று, தம்பிக்கு ஒன்பது வயது.

இருவருக்கும் கடைவாய்ப் பல் சொத்தை. ஜூலையில் எங்களோடு தங்க வந்த மாமா, உடம்பு ஓடினால் வலி விலகும், மூளையும் விழிக்கும் என்று சொல்லி, தம்பியை மட்டும் காலையில் பூங்காவுக்கு அழைத்துப் போனார். "வலின்னு சொன்னா அன்னியோட ஓட்டம் நின்னுடும்" என்று அம்மா நிபந்தனை போட்டாள். நானும் வருகிறேன் என்றதற்கு மாமா, "நீ அம்மாவுக்கு ஒத்தாசையா இரு" என்றார். கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கூடத்திலேயே குதித்துப் பார்த்தேன். கீழ்வீட்டு மராத்திக்கார அம்மாள் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தாள். மூன்றாம் நாள் என் தேகப்பயிற்சி முடிந்தது. பல்வலி முடியவில்லை.

நவராத்திரிக்குத் தமிழ்ச் சங்கத்தில் செய்யுள் ஒப்பிக்க வீட்டுக்கு ஒரு குழந்தைக்குத்தான் இடம். இரண்டு வருடமாக அது என்னுடையது. இம்முறை அப்பா பரீட்சை வைத்தார். வலியில் எனக்குப் பன்னிரண்டாம் வரியோடு எல்லாம் மறந்துபோயிற்று. அவன் நாற்பது வரியும் சொன்னான்.

விழாவன்று, கிளம்புவதற்கு முன், கல்லு மாதிரி ஒரு துண்டு சிக்கியை, அந்த ஊர்க் கடலை மிட்டாயை, அவனிடம் நீட்டினேன்.

"வலிக்கலேன்னா அந்தப் பக்கமாவே கடி, பாப்போம்."

கடித்தான். கண்ணில் நீர் முட்டியது.

"வலிக்கறதாடா?"

"இல்லியே. இன்னொண்ணு இருக்கா?"

மேடையில் ஒரு சொல் பிசகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். என் நாக்கு என் சொத்தைப் பல்லைத் துழாவிக்கொண்டிருந்தது.

மறுவாரம் அவன் கன்னம் வீங்கிப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. "இவ்வளவு நாள் எப்படிப் பொறுத்துண்டான்?" என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டார். அப்படியானால் பொய்யன்தானே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பொய் எதைக் காப்பாற்ற என்பதும், வீக்கத்தோடு கிடந்தவன் சிக்கியைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.

சென்ற மாதம் தொலைபேசியில் தம்பியிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். நாற்பது வரியையும் சொல்லிக் காட்டினான். சிக்கி மட்டும் நினைவில்லையாம்.

அது உண்மைதானா என்பதை என்னால் இதுவரை சரிபார்க்க முடியவில்லை.