பிரிக்காத பொட்டலம்

போன சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. எதிரே மணியம் அண்ணன். காப்பார் பக்கம் ஒரு சின்ன அம்மன் கோயிலுக்குத் தலைவர். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ரிட்டையர் ஆனவர்.

யாரோ ஒருவர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள மாதிரி பக்தி உள்ள தலைவர்தான் வேணும்லா. வெள்ளத்துல நாப்பது உயிரக் காப்பாத்திட்டீங்க."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. சோற்றைத் தொடவே இல்லை. பாராட்டினால் ஒரு மனிதர் இப்படியா பயப்படுவார்?

சில மாதங்களுக்கு முன், அந்த வெள்ளத்தன்று நானும் அவர் கோயிலில் இருந்தேன். தெரிந்த குடும்பத்துக்கு அரிசி கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டவன். மதியம் மூன்று மணிதான், ஆனால் வானம் கறுத்துக் கிடந்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது... சத்தமே இல்லாமல். கோயில் நாய்கள் காலையிலேயே எங்கோ போய்விட்டன. அதை யாரும் பேசவில்லை.

கோயில் மண்டபத்தில் நாற்பது பேர். வாசலில் ஒரு லோரி.

"பாஸ், இப்ப சொல்லுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல எஞ்சின் நின்னுரும்," என்றார் லோரிக்காரர். மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போவதா, மண்டபத்திலேயே இருப்பதா? பாதிப் பேர் கிளம்பத் தயார். மீதிப் பேர், "அம்மா இருக்கா, எங்கயும் போக வேணாம்," என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

அண்ணன் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார். சிவப்பு என்றால் இருப்பது, வெள்ளை என்றால் கிளம்புவது. மழையிலேயே பின்பக்கம் போய்ப் பூப்பறித்து, இரண்டு காகிதப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைத்தார். வெளியாள் என்பதால் என்னை எடுக்கச் சொன்னார்கள்.

எடுத்தேன். அண்ணனே பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை.

அவர் கை நடுங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு நொடிதான். "கிளம்புங்க. எல்லாரும். இப்பவே." அதற்குப் பிறகு ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நான் மற்றப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லோரியில் ஏறினேன். ஐந்து மணிக்கு மண்டபத்தின் பின்சுவர் சரிந்தது.

இதுவரை ஊருக்கே தெரியும். தெரியாததைச் சாப்பாட்டுக் கடையில் அண்ணன் சொன்னார், இலையைப் பார்த்தபடியே.

"தம்பி, ரெண்டுலயும் நான் செம்பருத்திதான் வச்சேன்."

எனக்குப் புரியவில்லை.

"லோரி கவுந்துரும்னு பயம். இங்கயே இருக்கலாம்னு நான் முடிவு பண்ணிட்டேன். நான் சொன்னா கேக்க மாட்டாங்க, அம்மா சொன்னா கேப்பாங்க. அதான்... வெள்ளப் பூவ நான் தேடவே இல்ல. நந்தியாவட்டச் செடி அப்பவே தண்ணிக்குள்ள போயிருச்சு. அந்தப் பூ எப்பிடி இருந்துச்சு, பாத்தியா? காஞ்சு இருந்துச்சு. ஒரு சொட்டு மழ படல."

வேறு யாராவது மாற்றியிருக்கலாமே? கேட்டேன். பொட்டலம் தன் கண்ணைவிட்டு அகலவே இல்லை என்றார்.

எழுந்து என் காருக்குப் போனோம். மற்றப் பொட்டலம் டேஷ்போர்டில், பிள்ளையாருக்குப் பின்னால், இத்தனை மாதமாகப் பிரிக்காமலே இருந்தது. பிரித்தேன். செம்பருத்தி. மழையில் நனைந்து காகிதத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.

அண்ணன் அழுதார். "எனக்கு மாலை போடுறப்பல்லாம் கழுத்து கூசுது தம்பி. நான் அம்மாவ ஏமாத்தப் பாத்தவன்."

ஏமாற்றப் பார்த்தார், உண்மைதான். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். தன் முடிவைச் சாமி வாயில் திணிக்கும் தலைவர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். நினைத்ததற்கு மாறாக வெள்ளைப் பூ வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? இன்னொரு தடவை எடுக்கச் சொல்வார்கள். இவர் நடுங்கினார், கிளம்பினார். எனக்கு அந்த ஒரு நொடிதான் பக்தி.

அந்தச் செம்பருத்தி இன்னும் காரில்தான் இருக்கிறது... தனியாக ஓட்டும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.